குகன் வைத்துவிட்டுப் போன ரூபிள்

ரூபிளை டொலராக மாற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் சிட்னியில், ஒரு சனிக்கிழமை காலையில்?

மூன்று கிழமைக்கு முன்னால் நான் பார்த்தேன். இன்னும் அந்தச் சனிக்கிழமையிலிருந்து வெளியே வர முடியவில்லை.

இந்தப் பக்கத்தைக் கிழமைக்குக் கிழமை வாசிப்பவர்களுக்கு என்னுடைய மொஸ்கோ புராணம் மனப்பாடமாகியிருக்கும். ஸ்கொலர்ஷிப்பில் போனது, ஆறு வருடம் படித்து இன்ஜினியரானது, மைனஸ் இருபதில் தெருவில் நின்று ஐஸ்கிரீம் தின்றது... எங்கேயாவது ரஷ்யா என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். "தொடங்கிட்டார்" என்று மனைவி எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள்.

ஆகவே சிட்னிப் புறநகர் கிரவீனிலிருந்து மலர் போன் எடுத்து, "அண்ணை, உங்களுக்கு ரஷ்யக் காசு மாத்தத் தெரியுமோ?" என்று கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு புளுகம், ஒரு பெருமிதச் சந்தோஷம்தான். மறைப்பதற்கில்லை.

"ஆரின்ர காசு?"

"தம்பியின்ர" என்றாள் மலர்.

என் புளுகம் அங்கேயே நின்றுவிட்டது.

மலரை எங்களுக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். செல்வமலர் என்பது முழுப்பெயர். ஒரு வயோதிபர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை. அதிகம் பேசமாட்டாள். அவளுடைய ஒரே தம்பி குகன். பன்னிரண்டு வயது இளையவன். தொண்ணூற்றாறில், இருபத்து நாலு வயதில், ஏஜென்ட் ஒருவனை நம்பி ஜெர்மனிக்குப் புறப்பட்டான். வழி மொஸ்கோவால். அந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகள் அந்த வழியால் போனார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் போயிருப்பார்.

மொஸ்கோவில் ஒரு பிளாட்டில் இருபது பேரோடு அடைத்து வைத்திருந்தார்கள். இரண்டு கடிதம் வந்தது. தொண்ணூற்றேழு பொங்கலுக்கு ஒரு போன். "அக்கா, வாற கிழமை எங்களை ஏத்துகினமாம். அம்மாட்டச் சொல்லுங்கோ." அவ்வளவுதான். பிறகு பத்து மாதம் ஒரு சத்தமும் இல்லை. கார்த்திகை மாதம் ஒரு ஆள் போன் எடுத்தான். எல்லைப் போடர் கடக்கும்போது பனிக்குள் அகப்பட்டு மூன்று பேர் முடிந்துவிட்டார்கள், அதில் குகனும் ஒருவன், அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்றான். மலர் அழத் தொடங்க முதலே போனை வைத்துவிட்டான்.

அந்தியேட்டிக் கிரியை செய்தார்கள். நானும் போயிருந்தேன். உடல் இல்லாத செத்தவீட்டில் எங்கே இருப்பது, எதைப் பார்ப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவனுடைய பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் திவசம். அன்றைக்குக் கோயிலில் அன்னதானம்.

சண்டையில் இடம்பெயர்ந்து, குகன் அறியாத விலாசத்தில் இருந்த தாய் மட்டும் நம்பவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போனில், "பிள்ளை, அவன் இருக்கிறான். நல்லா விசாரி." மலர் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள், "அம்மா, விசர்க்கதை கதையாதேங்கோ, அவன் செத்திட்டான்" என்று கத்திவிட்டாள். இதை அவளே பிறகு என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். தாய் அதற்குப் பிறகு அவனைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாயிரத்தொன்றில் அவவும் போய்விட்டா.

சரி, இப்போது அந்தக் காசு எப்படி வந்தது?

மெல்பேர்னில் நோபல் பார்க்கில் தேவன் என்று ஒரு பெடியன். அவனும் மொஸ்கோவில் கிடந்து, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் கலியாணம் கட்டி இங்கே வந்தவன். இரண்டாயிரத்து மூன்றில் அவன் இருந்த பிளாட்டில், முன்னால் இருந்தவர்கள் விட்டுவிட்டுப் போன சாமான்கள் ஒரு அலுமாரி நிறையக் கிடந்ததாம். அதற்குள் ஒரு தேயிலைத் தகர ரின். ரின்னுக்குள் காசு, ஒரு அடையாள அட்டை, ஒரு கொப்பித்தாளில் ஆங்கிலத்தில் சிட்னி விலாசம். அவுஸ்திரேலியாவுக்கு விசா கிடைத்தபோது அதையும் எடுத்து வந்திருக்கிறான்.

பெயரையும் ஊரையும் சொல்லி இரண்டு பேரிடம் விசாரித்தான். மூன்றாவது போன் மலருக்கு. நாங்கள் அப்படித்தானே... ஊர்ப் பெயரைச் சொன்னால் உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரையும் ஒரு மணித்தியாலத்தில் பிடித்துவிடுவோம்! பிடிக்க வேண்டும் என்று நினைத்தால்.

ரின் பார்சலில் வந்தது. மலர் ஒரு மாதம் அதைத் திறக்கவில்லை. பிறகு எனக்குப் போன்.

"வாற மாதம் திவசம் அண்ணை. இந்த முறை அன்னதானத்துக்கு அவன்ர காசும் சேரட்டும். மாத்தித் தருவியளோ?"

அன்று பின்னேரமே கிரவீனுக்குப் போனேன். மலர் மேசையில் ஒரு துவாயை விரித்து ரின்னைக் கவிழ்த்தாள். தாள் காசு ஒரு கட்டு. குத்திக் காசு ஒரு பிடி. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிய நிபுணர் மாதிரித் தாள்களைப் புரட்டினேன். சிலதில் தொண்ணூற்றைந்து என்று இருந்தது. சிலதில் தொண்ணூற்றேழு. "ஓம்... சரிதான், அந்த நேரத்துக் காசு" என்று தலையை ஆட்டினேன். குத்திக் காசைப் பார்க்கவே இல்லை. சில்லறைதானே?

நான் மொஸ்கோவை விட்டு வந்தது எண்பத்தேழில். என் ரூபிளில் லெனின் இருந்தார். இந்த ரூபிள்கள் எனக்கும் புதிசு. அதை வாய் திறந்து சொல்ல என் கெப்பர், என் வீண் பெருமை, விடவில்லை.

அடுத்தநாள் சனி. இரண்டு பேருமாக ரெயினில் சிற்றிக்குப் போனோம். சனிக்கிழமையும் திறந்திருந்த ஒரு பாங்கில் ஒரு பிள்ளை ரூபிளைத் தொடாமலே, "ஸொரி, நாங்கள் இது எடுப்பதில்லை" என்றது. அடுத்ததாக ஒரு நாணய மாற்றுக் கடை. அங்கே இருந்தவர் ஒரு பட்டியலைப் பார்த்தார், தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "எங்கே இருந்து கிடைத்தது?"

"என்ர பிரதரின்ட" என்றாள் மலர்.

"அவரையே வரச்சொல்லுங்கள்."

மலர் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கித் துவாயில் சுற்றினாள். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. சும்மா வருவேனா? "இரும், எனக்கு ஒரு ஆளைத் தெரியும்" என்றேன். எப்போதும் ஒரு ஆளைத் தெரிந்து வைத்திருப்பதுதானே என் தொழில்!

ஸ்ட்ராத்பீல்டில் ஒரு ரஷ்யக் கடை இருக்கிறது. கறுப்புப் பாணும் புகைபோட்ட மீனும் வாங்க மாதம் ஒருமுறை போவேன். உண்மையில், ரஷ்யன் பேசுவதற்காகப் போவேன். கடைக்காரி கலீனா. அறுபது வயது இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை தங்கையைப் பார்க்க மொஸ்கோ போய் வருபவர். போகிற ஆட்களுக்குச் செலவுக்கு உதவும் என்று ரூபிள் வாங்கி வைத்துக்கொள்வார்.

விஷயத்தைச் சொன்னேன். கலீனா கையைத் துடைத்துவிட்டுக் கண்ணாடி மேசையில் தாள்களை இரண்டாகப் பிரிக்கத் தொடங்கினார்.

"இது பழையது. ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம்... பார்க்கத்தான் பெரிய தொகை. ஆயிரத்தை ஒன்றாக்கி மூன்று பூச்சியத்தை வெட்டினார்களே, அப்போது போனது. பிறகு சில வருடம் பாங்கில் மாற்றிக்கொள்ள விட்டார்கள். இப்போது அதுவும் முடிந்தது. ஏன் அந்தப் பையன் மாற்றாமல் வைத்திருந்தான்?"

"பாங்கில் என்ன கேட்பார்கள்?"

"பாஸ்போர்ட்."

நான் மலரிடம் கேட்டேன். "பாஸ்போர்ட் ஏஜென்டிட்டத்தானே அண்ணை இருந்தது. பிளேனால இறங்கின உடனேயே வாங்கிப்போட்டான்."

கலீனாவுக்குச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

"இது செல்லும். பத்து, ஐம்பது, நூறு. எல்லாமாக எண்ணூற்று அறுபது. நாற்பது டொலர் தரலாம்."

"இரண்டும் ஒரே காலத்துக் காசுதானே?" என்றேன் நான், நிபுணர். "இதில் தொண்ணூற்றேழு என்று போட்டிருக்கிறது."

"அச்சடித்த வருடம் அது. கைக்கு வந்தது தொண்ணூற்றெட்டு ஜனவரியில். அதற்கு முதல் இந்தத் தாளை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை."

தொண்ணூற்றெட்டு ஜனவரி.

எனக்கு உடனே விளங்கியது என்று சொன்னால் பொய். காது கேட்டுவிட்டது, மண்டைக்குள் போகவில்லை. அதற்குள் கலீனா குத்திக் காசுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைத்துக்கொண்டிருந்தார். "சில்லறை எனக்கு வேண்டாம், சும்மா பார்க்கிறேன்... தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. இது அழகான காசு, விண்வெளிக்கு முதன்முதல் போன மனிதரின் முகம், இரண்டாயிரத்தொன்று. இது ஐம்பது கோபெக், இரண்டாயிரத்து இரண்டு." நிமிர்ந்தார். "அந்தப் பையன் எப்போது இறந்தான் என்றீர்கள்?"

நாங்கள் பேசியது ரஷ்யனில். மலர் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னவாம் அண்ணை? செல்லாதாமோ?"

அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் இரண்டு மொழியும் தெரியும். இருபத்தைந்து வருடமாக நான் பெருமை அடித்த ரஷ்யன். அன்றைக்கு ஒரு வசனத்தை அதிலிருந்து தமிழுக்குக் கொண்டுவர எனக்கு வாய் வரவில்லை.

"மலர்... இந்தக் காசெல்லாம் பிறகு வந்த காசு."

"என்னத்துக்குப் பிறகு?"

ஐம்பது கோபெக்கை எடுத்து அவள் கையில் வைத்தேன். வருடம் எந்த மொழியிலும் ஒன்றுதானே? இரண்டு, பூச்சியம், பூச்சியம், இரண்டு. மலர் அதைப் பார்த்தாள். விரலால் தடவினாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்தது. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு மிக மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா செத்தது இரண்டாயிரத்தொண்டு பங்குனி."

நாணயத்தைத் திரும்பக் கண்ணாடியில் வைத்தாள்.

"கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லையெண்டு பெரியப்பாவின்ர மகன்தான் வச்சவர்."

கலீனா கல்லாவிலிருந்து இரண்டு இருபது டொலர் தாளை எடுத்து நீட்டினார். மலர் அதைக் கண்டதும் பதறிப்போய் ரூபிள் முழுவதையும் இரண்டு கையாலும் தன் பக்கம் அணைத்து இழுத்தாள். செல்லாததும் செல்லுவதும் எல்லாம் ஒன்றாய்க் கலந்துவிட்டது.

"வேண்டாம் அண்ணை. மாத்த வேண்டாம். அவன் வந்து கேட்டா நான் என்னத்தைக் குடுக்கிறது?"

இதை நான் கலீனாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. காசைக் கல்லாவில் திரும்ப வைத்தார். எங்களுக்குப் பின்னால் நின்றவர் கால் கிலோ மீன் கேட்டார். கலீனா வெட்டிக் கொடுக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்து மலரின் குசினியில் இருந்து தேவனுக்குப் போன் எடுத்தோம். முதலில் அவன் நழுவினான். பிறகு அவனுக்கே தாங்கவில்லை.

"அக்கா, நான் முதல் கோல்லயே சொல்லத்தான் இருந்தனான். நீங்கள் தொண்ணூற்றேழில செத்திட்டார், அந்தியேட்டியும் செய்தாச்சு எண்டு சொல்லிப்போட்டியள். அதுக்குப் பிறகு நான் என்னெண்டு சொல்லுறது? எனக்கும் வடிவாத் தெரியாது..."

"தெரிஞ்சதைச் சொல்லும் தம்பி" என்றேன்.

சொன்னான். அவன் குகனைக் கண்டதில்லை. அவன் போனபோது பிளாட்டில் இருந்த பெடியள் சொன்ன கதை இது. குகன் அண்ணை என்று ஒருவர் இருந்தாராம். போடரில் பிடிபட்டு உள்ளுக்கு இருந்துவிட்டுத் திரும்பி வந்தவராம். ரஷ்யன் தண்ணீர் மாதிரிப் பேசுவாராம். சந்தையில் மூட்டை இறக்கி, எல்லோருக்கும் சமைத்துப் போடுவாராம். ஒரு மாரிப் பனிக்காலத்தில், காலமை வேலைக்குப் போனவர் வரவில்லை. பொலிஸ் பிடித்ததா, வேறு ஏஜென்டோடு போனாரா, அடிபட்டாரா... தெரியாது. பேப்பர் இல்லாதவன் காணாமல் போனால் போய் முறையிட மற்றவர்களுக்கும் பேப்பர் இல்லை.

"ரின்னை எடுக்காமலே போனவரோ?" என்று கேட்டாள் மலர்.

"ஓம் அக்கா."

"அப்ப, திரும்பி வாறதெண்டு நினைச்சுத்தான் போயிருக்கிறான்."



தொண்ணூற்றேழில் போன் எடுத்த அந்த ஆள் யார்? பொய் சொன்னானா? இல்லை, பனிக்குள் சிதறி ஓடி வந்தவர்கள் காணாத ஆட்களையெல்லாம் செத்தவர்களாகக் கணக்குப் போட்டுவிட்டார்களா? அவனைத் திட்டக்கூட வழியில்லை. அவனுடைய பெயரை ஒருவரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் மூன்று கிழமையாக யோசிக்கிறேன். அந்தியேட்டிக்குப் போய், சாப்பிட்டு, "பாவம், சின்னப் பெடியன்" என்று சொல்லிவிட்டு வந்த எனக்குக்கூடத் தோன்றவில்லையே? மொஸ்கோவில் எனக்குப் படிப்பித்தவர்கள் இருந்தார்கள், கூடப் படித்தவர்கள் இருந்தார்கள். ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

செத்துவிட்டான் என்ற செய்தி கொடுமையானதுதான். ஆனால் அதில் ஒரு வசதி இருக்கிறது. அதற்குப் பிறகு தேட வேண்டியதில்லை.

அந்தக் கொப்பித்தாளை மலர் எடுத்து வந்தாள். "இதில ஏதோ ரஷ்யன்ல கிடக்கு அண்ணை. என்னெண்டு பாருங்கோ."

விலாசம் லிட்கம் விலாசம். மலர் கிரவீனில் வீடு வாங்க முதல் வாடகைக்கு இருந்த பிளாட். அதற்குக் கீழே அந்த வீட்டுப் போன் நம்பர். நம்பரின் மேல் பேனாவால் ஒரு கோடு. பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரே ஒரு ரஷ்யச் சொல். ரஷ்யன் எழுதிப் பழகிய கையின் எழுத்து அது.

"என்னண்ணை எழுதியிருக்கு?"

பொய் சொல்ல நினைத்தேன். மனதில் வேறு எந்தச் சொல்லும் வரவில்லை.

"'இல்லை' எண்டு எழுதியிருக்கு."

மலர் கதிரையில் இருந்தாள். "நம்பர் மாறினது தொண்ணூற்றெட்டு ஆவணி. வீடு மாறேக்க. பழசு வேலை செய்யாது எண்டு ஒரு மெஷின் சொல்லும். கொஞ்ச நாள் சொல்லும்... பிறகு அதுவும் சொல்லாது."

அடுத்த ஞாயிறு லிட்கம் போனோம். ரெயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புச் செங்கல் பிளாட். ஒரு கொரியப் பிள்ளை கதவைத் திறந்தது. மாணவி. மூன்று மாதத்துக்கு முன்தான் வந்ததாம். பழைய கடிதம் ஏதாவது... வெளிநாட்டு முத்திரையோடு... மலர் தன் இங்கிலிஷில் கேட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பொறுமையாகக் கேட்டது. முன்னால் இருந்தவர்கள் யார் என்றும் தெரியாது. அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள்? அதற்கும் முன்னால்? ஏழு வருடத்தில் அந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை குடும்பம் வந்து போயிருக்கும்!

கீழே தபால் பெட்டிகள் வரிசையாக இருந்தன. மலரின் பழைய பெட்டி வாய்வரை நிறைந்திருந்தது. பீட்சா விளம்பரம், மரத்தளபாட விளம்பரம். மலர் அதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தாள். எல்லாம் இந்த மாதத்துக் காகிதம். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கடைசிக் காகிதம்வரை பார்த்துவிட்டு, திரும்பவும் அதே ஒழுங்கில் உள்ளே வைத்தாள்.

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திவசத்துக்கு வரச்சொன்ன ஐயரை அவள் அன்றைக்கே நிற்பாட்டிவிட்டாள். மலரின் கணவருக்கு அதில் உடன்பாடில்லை. "எட்டு வருஷமாச் செய்ததை இடையில விடக்கூடாது" என்றார். "உயிரோட இருந்தவனுக்கு அஞ்சு வருஷம் எள்ளும் தண்ணியும் இறைச்சிருக்கிறம். போதும்" என்றாள் மலர். சத்தம் போடவில்லை.  படத்துக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றியாகிவிட்டது. படத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லையாம். சாமி அறையில் வைக்க முடியாது. ஹோலில் வைத்தால் வருகிறவர்கள் கேட்பார்கள். இப்போதைக்கு அலுமாரிக்குள், உடுப்புகளுக்கு மேலே.

போன புதன்கிழமை, காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கும் ஒரு அலுவலகத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். நாலு பக்கப் படிவம். 'கடைசியாக உயிருடன் இருந்ததாகத் தெரிந்த திகதி' என்று ஒரு கேள்வி. மலர் 2002 என்று எழுதினாள். 'அதற்கு ஆதாரம்' என்று அடுத்த கேள்வி. என்னைப் பார்த்தாள். நான் எழுதினேன். ஐம்பது கோபெக் நாணயம், ஒன்று.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். சிரிக்கவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. நாணயத்தை ஒரு போட்டோக் கொப்பி எடுத்துப் படிவத்தோடு குத்தினார். "நீண்ட காலம் எடுக்கும். அனேகமாகப் பதில் வராது. இதை நான் முதலே சொல்லிவிட வேண்டும்" என்றார். நேர்மையான மனுஷி.

படம் வேண்டும் என்றார்கள். இருந்தது அந்த ஒரு பாஸ்போர்ட் படம்தான். இருபத்து நாலு வயது. சுருட்டை முடி, புதுச் சேட், சிரிப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். காருக்குள் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டு மலர் கேட்டாள்.

"அண்ணை, அவனுக்கு இப்ப தலைமயிர் கொட்டியிருக்குமோ? அப்பாவுக்கு முப்பதிலயே கொட்டினது. இந்தப் படத்தைப் பார்த்து ஆரும் அவனை அடையாளம் பிடிப்பினமோ?"

 காரை எடுத்தேன். 

எனக்கு நம்பிக்கை இல்லை. இதை மலர் வாசிப்பாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவளுக்கும் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. நம்பிக்கை இருந்தால்தான் தேட வேண்டும் என்று யார் சொன்னது? தேடாமல் விட்ட எட்டு வருடம் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது வேறு என்னதான் செய்வது?

இந்தப் பக்கத்தில் எழுதும்போது ஆட்களின் பெயரை நான் மாற்றிவிடுவது வழக்கம். ஊரை மாற்றுவேன், தெருவை மாற்றுவேன். ஒருவருக்கும் மனம் நோகக்கூடாது. இதை எழுத அனுமதி கேட்டபோது மலரிடமும் அதையே சொன்னேன்.

"என்னண்ணை நீங்கள்... பெயரை மாத்தினா ஆருக்கு அவனைத் தெரியும்?"

ஆகவே மாற்றவில்லை. இந்தப் பத்திரிகை ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் கனடாவுக்கும் போகிறது. வாசிப்பவர்களில் ஒருவர் அந்தப் பிளாட்டில் இருந்திருக்கலாம், அவன் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கலாம். பெயர் குகன். ஊர் வடமராட்சிப் பக்கம். இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டுக்காயம். ரஷ்யன் நன்றாகப் பேசுவான். இருந்தால், இப்போது முப்பத்து மூன்று வயது.

வழுக்கையாகவும் இருக்கலாம்.